நம்மில் இரண்டாவது நபர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து குரல் ஏறும். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். விழுப்புரத்தில் கோலியனூர் போகிற சாலையில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்தாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டு எரித்துக்கொண்டு வந்தவனைப் பிடித்து ஒரு கத்து கத்துவேன். "அவன் கத்துவான்யா, ஆனா வேல சுத்தமா இருக்கும்" என்று ஊரில் பேர். கத்துகிறவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று நானே என்னைப் பற்றிப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறவன்.

என் மனைவி பிறந்த ஊர் திண்டிவனம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா எப்போதோ போய்விட்டார். அப்பா, அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். ஊருக்கு வெளியே கொஞ்சம் கொல்லை, அதில் ஆயுசு முழுக்க வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டவர். மகள் என்றால் உயிர். தினமும் காலையில் போன் வந்துவிடும். "சாப்ட்டியாம்மா, மாப்ள சாப்ட்டாரா", இவ்வளவுதான் பேச்சு. அதையே அரை மணி நேரம் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவள் திண்டிவனம் போவாள். காலையில் பஸ் ஏறினால் சாயந்திரம் வந்துவிடுவாள். சொல்லிவிட்டுத்தான் போவாள். ஒரே ஒரு தடவை சொல்லவில்லை. சித்திரை வெயில், லோ வோல்டேஜில் மோட்டாராக எரிந்து வந்து குவிந்த நேரம். காலையிலிருந்து டீ கூடக் குடிக்காமல் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. போன் போட்டால் எடுக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து சொந்த வீட்டுப் பூட்டை நானே உடைத்தேன். தெருவே பார்த்தது.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. அப்பா கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார், அண்ணன் போன் பண்ணினார், பதறிக்கொண்டு ஓடினேன், போன் வீட்டிலேயே இருந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் கேட்டு முடிக்கவில்லை. அடித்துவிட்டேன். ஒரே ஒரு அடி என்று எழுதத்தான் கை வருகிறது. ஒன்றோ இரண்டோ, அதில் என்ன கணக்கு. அவள் அழவில்லை. கீழே சிதறிய மல்லாட்டையைக் கூட்டி அள்ளி வைத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

நான்கு மாதம். நான் மெஸ்ஸில் சாப்பிட்டேன், பட்டறையில் கத்தினேன், கூப்பிடப் போகவில்லை. தானாகப் போனவள் தானாக வரட்டும் என்கிற வீம்பு. கடைசியில் கோலியனூரில் இருக்கிற என் அக்காதான் திண்டிவனத்துக்குப் போன் பண்ணிப் பேசினாள். அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று குதித்துக்கொண்டிருந்தாராம். பெரியவர், அவளுடைய அப்பாதான், தடுத்திருக்கிறார். நான் போய் நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார்.

"ஸ்டேஷனு கோர்ட்டுன்னு பேஜாரு வேணாம் மாப்ள. எழுதிக்கலாம். எங்க பங்காளிங்களுக்குள்ள கெணத்து முறைக்கு வெட்டுக்குத்து ஆவற மாதிரி இருந்துச்சு. யாருக்கு எந்தெந்த நாளுன்னு பத்திரத்துல எழுதினோம். அன்னியோட சண்ட நின்னுச்சு. எதையும் எழுதிக்கினா நிக்கும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பங்குக் கிணறு எல்லாம் எனக்கு அத்துப்படி. திங்கள் புதன் அண்ணன், செவ்வாய் வியாழன் தம்பி என்று முத்திரைத்தாளில் எழுதி வைத்திருப்பார்கள்; மோட்டார் எரிந்தால் யார் கொண்டுவந்து காயில் கட்டுவது என்பதுகூட அதில் இருக்கும். அப்படி எழுதிக்கொண்ட பங்காளிகள் நாற்பது வருஷம் சண்டை போடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாற்பது வருஷம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமலும் இருந்தார்கள். அது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

திண்டிவனம் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீலிடம் போனோம். வயசானவர், நல்ல மனிதர். முதலிலேயே சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பொண்டாட்டி இப்படி எழுதிக்கறது கோர்ட்ல நிக்குமான்னா, எனக்கே சந்தேகம்தான். மனசாட்சிக்கு வேணா எழுதிக்கங்க."

"நீங்க எழுதுங்க சார்" என்றார் பெரியவர்.

என் பக்கத்துக்கு மூன்று விதி. நம்மில் ஒன்றாவது நபர், நம்மில் இரண்டாவது நபரைக் கைநீட்டி அடிக்கக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அக்கம்பக்கம் கேட்கும்படி சத்தம் போடக் கூடாது. வக்கீலின் டைப்பிஸ்ட் அம்மாள் தட்டிக்கொண்டே போனார். எனக்கு அவமானமாக இருந்தது. எல்லாமே எனக்குத்தானா என்று காது சூடாகிவிட்டது.

"அவங்களுக்கு ஒண்ணும் கெடயாதா சார்? என் சம்மதம் இல்லாம திண்டிவனம் போகக் கூடாதுன்னு போடுங்க. அப்பதான் கையெழுத்து" என்றேன்.

அவளுடைய அண்ணன் எழுந்துவிட்டார். பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"போடுங்க சார். கேட்டுக்கினே வரட்டும், அதுல இன்னா கொறஞ்சி போச்சு? மாப்ள வேணாம்னா சொல்லப் போறாரு?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. நம்மில் இரண்டாவது நபர், ஒன்றாவது நபரின் சம்மதம் பெற்ற பின்னரே தாய்வீடு செல்லக் கடவர் என்று டைப் ஆகியது. இந்தப்படிக்கு நாங்கள் இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம். இரண்டு பிரதி, ஆளுக்கொன்று. நோட்டரி முத்திரை குத்தி வாங்கியதும், வக்கீல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பெரியவர் ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டையும் லேமினேஷன் பண்ணிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கொடுத்தார்.

சேர்ந்து வாழ ஆரம்பித்தோம். அதை வாழ்க்கை என்று சொன்னால் சரி. நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அவள் சம்மதம் கேட்டாள். நேரில் கேட்கவில்லை, வாட்ஸப்பில் கேட்டாள். 'அப்பாவைப் பார்க்கப் போகணும். சம்மதமா?' நான் 'சரி' என்று அனுப்புவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் இரண்டு மூன்று தடவை எனக்கு அது பிடித்திருந்தது. மோட்டார் கொண்டுவந்த ஆளிடம், "வூட்ல இருந்து மெசேஜ், பர்மிஷன் கேக்கறாங்க" என்று பீற்றிக்கூட இருக்கிறேன். தூ.

அப்புறம் அவள் எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்தாள். 'மாவு அரைக்கப் போகணும். சம்மதமா?' 'பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடறாங்க. சம்மதமா?' கிண்டல் என்று எனக்குத் தெரியும். முகத்தில் ஒரு சின்ன சிரிப்புகூட இல்லாமல் கிண்டல் செய்கிற பெண் அவள். முன்பெல்லாம் என்றால் ஒரு கத்து கத்தியிருப்பேன், அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், அரை மணியில் காபி வந்திருக்கும். இப்போது கத்தக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் பேச்சை நிறுத்தினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒருமுறை ஒரு வாரம். பேசாமல் இருக்கக் கூடாது என்று அந்தப் பத்திரத்தில் எங்கேயும் எழுதவில்லை. அடித்தபோது அழாதவள், நான் பேசாமல் இருந்த அந்த வாரத்தில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரி, இது வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த தலையில் இடி விழவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் என் அக்கா வீட்டில் காதுகுத்து. கோலியனூரில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. பந்தியில் யாரோ என் மனைவியைக் காட்டி ஏதோ கேட்க, என் அக்கா நாக்கை அடக்காமல், "என் தம்பி பொண்டாட்டிகிட்ட எழுதிக் குடுத்துட்டு இல்ல குடும்பம் நடத்தறான்" என்று சொல்லிவிட்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது. என் மனைவி பாதி இலையில் எழுந்து கைகழுவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். சொல்லியிருந்தால் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் சொந்தக்காரர்கள் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாள். என் அக்கா சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. வீட்டுக்கு வந்து பேச்சை நிறுத்தினேன்.

நான்காவது நாள் காலை. பட்டறையில் ஒரு போர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, எரிந்த காயிலை உளியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் பேர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி. மூன்றாவது தடவை நின்றதும் மெசேஜ் வந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தேன்.

'அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. போகணும். சம்மதமா?'

அந்த நிமிஷம் என் மனசில் என்ன ஓடியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரியவருக்கு அடிக்கடி வாயுப்பிடிப்பு வரும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இதற்கெல்லாம் சம்மதம் கேட்டுக்கொண்டா இருப்பாள், கிளம்பியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் உண்மை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கெஞ்சட்டும். மண்டபத்தில் என்னிடம் சொல்லாமல் போனாள் இல்லையா, இன்னொரு தடவை கேட்கட்டும். இதுவும் உண்மை. போனைச் சைலண்டில் போட்டு மேஜை டிராயரில் வைத்து மூடினேன். படித்தேன் என்பதற்கு அந்த இரண்டு நீல டிக் அவள் போனில் போய் நின்றது.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது டிராயரைத் திறந்தேன். அவளிடமிருந்து வேறு மெசேஜ் இல்லை. அவளுடைய அண்ணன் நம்பரிலிருந்து நான்கு மிஸ்டு கால். பட்டறையைச் சாத்தக்கூட இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அவள் போயிருப்பாள், வீடு பூட்டியிருக்கும், பூட்டியிருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற புடவை, காலடியில் பை. போனை மடியில் வைத்திருந்தாள்.

"நீ போவல?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"உனக்கு இன்னா பைத்தியமா? அப்பாவுக்கு ஒண்ணுன்னா கெளம்பிப் போவியா, என் வாயப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பியா?"

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேங்க. திண்டிவனம் பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. படியில கால வச்சிட்டேன். சொல்லாம போனதுக்குத்தான் அன்னிக்கு பூட்ட ஒடச்சி என்ன அடிச்சீங்க. இப்பவும் சொல்லாம போயிட்டு, திரும்பி வந்தா எனக்குக் கதவு தெறக்குமான்னு நின்னுட்டேன். நீங்க மெசேஜ பாத்தீங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சிக்கினு திரும்பி வந்துட்டேன்."

"ஏறு, ஏறு, ஜல்தி" என்று மட்டும் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுகிற வரைக்கும் அவள் கை என் தோளில் இருந்தது. வேகத்துக்குப் பயந்து பிடித்திருந்தாளோ என்னவோ, இருந்தது. கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போன் அடித்தது. காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ம்" என்று ஒரு தடவை சொன்னது மட்டும் கேட்டது. அதற்கப்புறம் கை தோளில் இல்லை. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாவாம்?" என்று திரும்பிக் கேட்டேன். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனேன்.

"அங்க வேணாம். வூட்டுக்குப் போங்க" என்றாள்.

வீட்டு வாசலில் அப்போதுதான் பந்தல்காரர்கள் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய் அவள் அப்பா முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவளுடைய அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று தேம்பிக்கொண்டே அவளிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"ஒரு மணி வரைக்கும் நல்லா பேசிக்கினு இருந்தாரும்மா. எங்க எங்கன்னு உன்னத்தான் கேட்டாரு. மறுபடியும் போன் பண்றேன்னு எடுத்தேன். வாணாம்டா, அவ மாப்ளகிட்ட கேட்டுக்கினு வருவா, அவசரப்படுத்தாத, அந்தப் புள்ளைக்கு அங்க சங்கடமா பூடும்னாரு."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. பிளக்கவில்லை. மகள் வீட்டுக் கோடித் துணி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி யாரோ என்னை அனுப்பினார்கள். ஜவுளிக் கடைக்குப் போய் வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுடைய அண்ணன் என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொல்லிமேட்டுப் பக்கம் மோட்டார் வேலையா போயிருந்தீங்களாமே மாப்ள, டவரே கெடைக்கலியாமே. நான்கூட நாலு தடவ போன் பண்ணேன்" என்றார். கூட்டத்துக்கு நடுவில் அவளைத் தேடினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சாயந்திரம் எடுத்தார்கள். அவர்கள் வழக்கம் புதைப்பதுதான். அவருடைய சொந்தக் கொல்லையிலேயே, மேட்டு ஓரமாகக் குழி. மல்லாட்டைச் செடி அப்போதுதான் பூ விட்டிருந்தது. அதை மிதிக்காமல் வரப்பிலேயே நடந்து போனோம்.

மறுநாள் அவள் தனியாக நின்றபோது போய்க் கேட்டேன், ஏன் அண்ணனிடம் அப்படிச் சொன்னாய் என்று. என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்து, நன்றி மாதிரி ஏதோ வாய்க்குள் வைத்திருந்தேன்.

"எங்கப்பா சாவுல உங்க பேச்சு எதுக்கு?" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அங்கேயே இரு, வேண்டுமென்றால் அதற்கு மேலும் இரு என்று சொன்னேன். "எத்தன நாளுன்னு சொல்லிடுங்க" என்றாள். நான் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்றேன். பதினேழாம் நாள் காலையில் பஸ் பிடித்து வந்துவிட்டாள். வரமாட்டாள் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, வந்ததும் உயிர் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வந்தவள் என்னிடம் வரவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். திட்டு, அடி, என்னை ஏதாவது கேள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினேன். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. காலையில் அந்த நேரத்துக்கு மட்டும் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை காரணமாகப் பட்டறை திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேசினேன்.

"அந்தப் பத்திரம் நமக்கு வேணாம். ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாம். இனிமே நீ யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம். எப்ப வேணா போ, எங்க வேணா போ. நான் பண்ணது பெரிய பாவம். உன் கால்ல வேணாலும் வுழறேன்."

அவள் இலையை மடித்துக்கொண்டு போனாள். கை கழுவிவிட்டு வந்தபோது ஒரு கோடு போட்ட நீளத் தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தூக்கிப் போட வேணாம். இன்னும் ஒண்ணே ஒண்ணு சேக்கணும். எழுதுங்க."

"சொல்லு. இன்னா வேணும்னாலும் எழுதறேன்" என்றேன். சந்தோஷமாகத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு ஏதோ தண்டனை தரப் போகிறாள், அத்தோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"நான் செத்தா என்ன இங்க எடுக்கக் கூடாது. திண்டிவனத்துக்குக் கொண்டு போயி எங்கப்பா பக்கத்துல பொதைக்கணும். அண்ணன்கிட்ட கேட்டுட்டேன், எடம் குடுக்கறேன்னுட்டாரு. உங்க சம்மதம்தான் பாக்கி."

"இன்னா பேச்சு பேசற நீ? வாய்ல வர்ற வார்த்தையா இது? அப்படி ஏதாவது ஆச்சுன்னா நான் செய்ய மாட்டனா? இதப் போயி எழுதணுமா?"

"அன்னிக்கு மூணு தடவ போன் பண்ணேன். மெசேஜ் போட்டேன். அப்பவே நீங்க சரின்னு சொல்லல. அப்ப எனக்கு போன் பண்ணக்கூட முடியாதுங்க. நமக்குன்னு ஒரு புள்ளயா இருக்குது, எனக்காக உங்ககிட்ட வந்து கேக்க? அதான் இப்பவே வாங்கி வச்சிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். கல்யாணமான பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்துதான் எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி நான் கேள்விப்பட்டதே இல்லை. என் அக்கா என்ன சொல்லுவாள், ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிஷம் ஓடியது. அப்போதும் அது ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டால் இத்தனை எழுதியதும் பொய்யாகிவிடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டிருப்பாள்.

நான் எழுதினேன். நம்மில் இரண்டாவது நபர் என்று ஆரம்பித்து எழுதினேன். அவளைக் காகிதத்தில் வேறு எப்படிக் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் விழுந்து ஓர் எழுத்து அழிந்ததும், "அந்த எழுத்த மறுபடியும் தெளிவா எழுதிடுங்க" என்றாள். எழுதினேன்.

"நான் உனக்கு முன்னாடி போயிட்டா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்கிற நப்பாசைதான்.

அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நான் யாரையும் கேக்க வேணாம்" என்றாள். "கையெழுத்து போடுங்க."

போட்டேன்.